ஊசியும் நூலும் ஆறு தோழியரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டி நடைபெற்ற ஒன்றுகூடலில், கொழும்பில் வசிக்கும் ஆறு பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு இக்கல்லூரி பெற்றெடுத்த வைத்தியர்களும் பேராசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "உங்கட புதன்கிழமைப் பின்னலைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோவன்" என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பின்னலைப் பற்றிக் கதைப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், கல்லூரியில் கற்றவற்றுள் நாங்கள் இன்றைக்கும் தினம் தினம் பாவிப்பது அதைத்தான். திரிகோணகணிதத்தை எங்களில் எவரும் பாவிக்கவில்லை. ஆகவே ஒப்புக்கொண்டோம்.

எங்களில் ஒருவர் ஆசிரியை, ஒருவர் தாதி, ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், ஒருவர் அமைச்சொன்றில் எழுதுவினைஞர், இருவர் குடும்பத்தலைவிகள். எல்லோரும் இளைப்பாறிவிட்டோம், குடும்பத்தலைவிகளுக்கு மட்டும் இளைப்பாறுதல் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் மூன்றரைக்கு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் கூடுவோம். கடற்காற்று வரும் பக்கத்தில் ஆறு கதிரை. நடுவில் ஒரு முக்காலி, அதில் தேநீர், வடை அல்லது பயற்றம் பணியாரம். இவற்றுக்கெல்லாம் மேலாக, எங்களை மேற்பார்வை செய்ய ஒரு பூனை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

"யாழ்ப்பாணத்து வெக்கைக்குள் கம்பளிப் பின்னல் எதற்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் மார்கழிப் பனியில் பிறந்த பிள்ளைக்குத் தலைக்குத் தொப்பி போடாமல் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த தாயை எந்தப் பேத்தியார் சும்மா விட்டிருக்கிறார்? மலைநாட்டுக்கு மாற்றலாகிப் போன அப்பாவுக்கு ஒரு சுவெற்றர், சீமைக்குப் படிக்கப் போகும் அண்ணாவுக்கு ஒரு மப்ளர் என்று எங்கள் வீடுகளில் கம்பளி நூலுக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது.

எங்கள் காலத்தில் தையற் பாடம் வாரத்தில் இரண்டு தரம். முதலில் பிளேன், பிறகு பேர்ள், பிறகு இரண்டும் மாறி மாறி. ஆங்கிலச் சொற்கள் என்று தெரியாமலே அவற்றைப் பின்னலின் பெயராகப் பழகினோம். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரீச்சர் பார்க்கமாட்டார். "பின்பக்கத்தைக் காட்டும் பிள்ளை" என்பார். நூல் எங்கே முடிச்சுப் போடப்பட்டது, எங்கே இழுபட்டது, எங்கே அவசரப்பட்டோம் என்பதையெல்லாம் பின்பக்கம் சொல்லிவிடும். பிற்காலத்தில் வங்கியில் கணக்குப் புத்தகம் பார்த்த எங்கள் தோழிக்கும், வைத்தியசாலையில் காயத்துக்குக் கட்டுப் போட்ட தோழிக்கும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது என்று அவர்களே சொல்வார்கள்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இரவை இங்கே விவரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் அந்த வீதியில் நடந்தவர்கள். எங்களில் ஒருவர் கொண்டுபோன பையில் காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு சோடி பின்னல் ஊசி ஆகியவை இருந்தன. ஊசியை ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், மாரி மழைக்குள், பக்கத்துக் குடும்பத்துக்குக் குழந்தை பிறந்தது. நூல் வாங்க இடமில்லை. கணவருடைய பழைய சுவெற்றரைப் பிரித்து, நூலைக் கதிரைக் காலில் சுற்றி, நனைத்து, சுருக்கெடுத்துக் காயவிட்டு, மூன்று நாளில் ஒரு தொப்பியும் ஒரு சோடி காலுறையும் பின்னிக் கொடுத்தார். பின்னலின் பெரிய குணம் இதுதான். வெட்டித் தைத்த துணியைப் பழையபடி துணியாக்க முடியாது. பின்னியதைப் பிரித்தால் முழு நூலும் திரும்பக் கையில் வரும், இன்னொன்றாகப் பின்னலாம்.

இப்போது அன்றாடத்துக்கு வருவோம். புறக்கோட்டைக் கடைகளில் எங்களுக்கு அதிகம் அகப்படுவது அக்ரிலிக் நூல். மலிவு, கழுவலாம், சுருங்காது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகும். கம்பளி அப்படி இலகுவில் பற்றாது. மறுபுறம், கம்பளியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அப்பாவின் சுவெற்றர் பேரனுக்கு அளவாகிவிடும். கொழும்பு வெயிலுக்குப் பருத்தி நூல்தான் நல்லது. ஆனால் அது கம்பளியைப் போல் இழுபட்டுத் திரும்பாது. கைக்குப் பாரமாகவும் இருக்கும். மூட்டு நோவு உள்ளவர்களுக்கு இரும்பு ஊசியைவிட மூங்கில் ஊசி இதம். பெரிய வேலைகளுக்கு வட்ட ஊசி. சால்வையின் முழுப் பாரமும் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் இருக்கும்.

ஒரு சிறு கணக்கு. கைக்குழந்தையின் தொப்பிக்கு 72 கண்ணி போட்டு 50 வரிசை பின்னினால் 3,600 கண்ணிகள். ஒவ்வொன்றையும் ஒருத்தி தன் விரலால் ஒருமுறை தொட்டிருக்கிறாள். கண்காட்சியில் அதே தொப்பியைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, "இதென்ன இவ்வளவு விலை, கடையில் இதைவிட மலிவு" என்று வைத்துவிட்டுப் போவார்கள். அது எங்களுக்குப் பழகிப்போயிற்று. எங்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் பனையோலையில் பெட்டி பின்னிப் பிழைக்கும் பெண்ணிடமும் அதே பேரந்தான் பேசுகிறார்கள். அவளுக்கு ஓய்வூதியம் இல்லை.

இனிப் பூனை. பெயர் பஞ்சு. மழைக்குள் மாடிப்படியில் வந்து ஒதுங்கிய குட்டி, போக மறந்துவிட்டது. படங்களில் பூனையும் நூற்பந்தும் பிரியாத சோடி. உண்மையில் அதைவிட ஆபத்தான சோடி இல்லை. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் பார்த்திருப்பவை. நூலின் நுனி ஒருமுறை வாய்க்குள் போனால் துப்ப முடியாது; உள்ளேதான் இழுபடும். குடலுக்குள் போன நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடவும் கூடும். எப்போதாவது பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால், இழுக்கவே கூடாது. உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஆகையால் எங்கள் நூல் எல்லாம் மலிபன் பிஸ்கற் ரின்களுக்குள். பிஸ்கற் ரின்னைத் திறந்தால் பிஸ்கற் இருக்கும் என்று நம்பிய பேரப்பிள்ளைகள் பல தரம் ஏமாந்திருக்கிறார்கள். பஞ்சு ரின்னின் மூடிமேல் படுத்து நித்திரை கொள்ளும். அடுத்த நிறம் எடுக்க வேண்டுமென்றால் அதனிடம் அனுமதி பெறவேண்டும்.

பயணங்களும் பின்னலோடுதான். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது, நாங்கள் ஆறு பேரும் ஒன்றாகப் பயணச்சீட்டு எடுத்தோம். கோட்டையில் ஆரம்பித்த பின்னல் மாங்குளத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. எல்லோரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடிகாமம் வந்தபோது ஒருவரும் பேசவில்லை.

இன்னொரு முறை காலிக்கும் வெலிகமவுக்கும் போனோம். அங்கே பெண்கள் உருளைத் தலையணையில் குண்டூசி குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அலங்காரப் பின்னலுக்குப் பீரலு என்று பெயர். கட்டையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லான பில்ரோவிலிருந்து வந்தது. நாங்கள் பாவாடைக் கரைக்கு வைத்துத் தைத்த ரேந்தையும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தான். எங்கள் சிங்களம் குறைவு, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் எங்கள் பின்னலை வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். எங்கள் ஆறு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கற்க ஆளில்லை என்று கையால் காட்டிச் சொன்னார். அது மட்டும் சிரிப்பாக இல்லை.

சகோதரிகளே, இனிச் சொல்லப்போவது சற்றுக் கனமான விடயம். எங்கள் ஆறு பேரில் மூத்தவர் எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஆகையால் இன்றைக்கும் எங்களுக்கு அக்கா. எங்களில் நன்றாகப் பின்னக்கூடியவரும் அவரே. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை சோர்ந்துவிட்டது. பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. புதன்கிழமைகளில் வருவார், தேநீர் குடிப்பார், பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில கிழமைகளில் எங்களுக்குப் பின்னவே மனம் வராது. ஒருநாள் அவரே ஏசினார்: "நான் பார்க்கிறன் எண்டு நீங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறியள்? எடுங்கோ ஊசியை."

அந்த வருடம் ஷெட்லாந்துக்குப் போவதென்று நாங்கள் நெடுநாள் காசு சேர்த்திருந்தோம். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, 60 பாகை அகலக்கோட்டில் கடலுக்குள் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. பின்னல்காரர்களுக்கு ஒரு கதிர்காமம் என்று சொல்லலாம். போவதை நிறுத்துவோம் என்றோம். அக்கா விடவில்லை. "போட்டு வாங்கோ பிள்ளையள். எனக்காக நிண்டியளெண்டால் நான் கோவிப்பன்."

இலண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அபர்டீனில் மாலையில் கப்பல் ஏறினால் இரவு முழுவதும் கடல், மறுநாள் காலை லேர்விக் துறைமுகம். மரமே அரிதான நிலம். புல், கல், காற்று, செம்மறிகள். புரட்டாதி முடிவில் நடக்கும் கம்பளி வாரத்துக்கு உலகெங்கிலுமிருந்து பின்னல்காரர்கள் வருகிறார்கள். 2010இல் ஆரம்பித்தது அது. பஸ்ஸில் பின்னுகிறார்கள், தேநீர்க் கடையில் பின்னுகிறார்கள். சேலைக்கு மேல் சுவெற்றர் போட்ட ஐந்து பேரை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. எங்கள் கையிலுள்ள வேலையைத்தான் பார்த்தார்கள்.

பல நிறக் கோலங்களுக்குப் பெயர்போன ஃபெயார் ஐல் பின்னல் அந்தப் பக்கத்துத் தீவொன்றின் பெயரைக் கொண்டது. பார்வைக்கு ஏழெட்டு நிறம் தெரிந்தாலும் ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்கு மேல் வராது. 1922இல் பிரித்தானிய இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வேர்ட் ஆனவர், அப்படியொரு சுவெற்றரைப் போட்டுக் கொல்ஃப் விளையாட, அது நாகரிகமாகிவிட்டது. சுவெற்றரை ஒரு குழாயைப் போல் முழுதாகப் பின்னி முடித்துவிட்டு, பிறகு முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் நெடுக வெட்டுவார்கள். எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கண்ணியும் கழரவில்லை. அந்தக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

லேர்விக்கிலிருந்து வடக்கே இரண்டு படகு மாறி உன்ஸ்ற் தீவுக்கும் போனோம். அங்கே பின்னிய மெல்லிய சால்வைகள், ஒரு பெரியவரைப் போர்த்தும் அளவானவை, கல்யாண மோதிரத்துக்குள்ளால் இழுபட்டு வந்துவிடும்.

ஆனால் எங்கள் மனதில் நின்றது அந்தச் சால்வையைப் பின்னிய பெண்களின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கடைக்காரர் பணம் கொடுப்பதில்லை. பின்னலுக்குப் பதில் தேயிலையோ துணியோதான் கொடுப்பார். வீட்டில் மாவில்லாத பெண், கிடைத்த தேயிலையைக் கொண்டுபோய் அயலில் கொடுத்து மாவாக மாற்றவேண்டும். 1872இல் அரசாங்க விசாரணை ஒன்று இதையெல்லாம் அப்பெண்களின் வாய்மொழியாகவே பதிந்து வெளியிட்டது. முதுகில் கூடை நிறைய எரிகரி சுமந்துகொண்டு, நடந்தபடியே பின்னும் பெண்களின் பழைய படங்கள் உண்டு. கண்காட்சியில் பேரம் பேசுபவர்களை நினைத்துக்கொண்டோம்.

நடந்துகொண்டு எப்படிப் பின்னுவது? அதற்கு ஒரு இடைப்பட்டி வைத்திருக்கிறார்கள். தோற்பட்டியில் குதிரைமயிர் அடைத்த ஒரு சிறு தலையணை. அதில் வரிசையாகத் துளைகள். வலப்பக்கத்து ஊசியின் அடியை ஒரு துளைக்குள் குத்திவிட்டால் ஊசி அசையாது. வலக்கை அதைத் தாங்கத் தேவையில்லை. லேர்விக்கில் ஒரு வயதான அம்மா அதைக் கட்டிக்கொண்டு மின்னல் வேகத்தில் பின்னிக் காட்டினார். நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒன்றையே நினைத்தோம். எங்கள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திவிட்டார். அக்காவைப் பற்றிச் சொன்னோம். அவர் பட்டியைக் கழற்றினார். எங்களில் தாதியாக இருந்தவரின் இடுப்பில் கட்டினார். வலக்கையை மடியில் வைக்கச் சொல்லி, நூலை இடக்கை விரலில் சுற்றி, இடக்கையாலேயே கண்ணியை அசையாத ஊசியில் ஏற்றிக் காட்டினார். அன்று பின்னேரம் முழுவதும் எங்களுக்கு அதுதான் பாடம்.

பட்டி மலிவில்லை. ஐந்து பேரும் நூல் வாங்க வைத்திருந்த காசைச் சேர்த்தோம்.

இங்கே வந்து கொடுத்தபோது அக்கா உடனே மகிழ்ந்தார் என்று சொன்னால் அது பொய். ஒரு மாதம் அது அலுமாரிக்குள் கிடந்தது. பிறகு ஒரு புதன்கிழமை, நாங்கள் கேட்காமலே, கட்டிவிடச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு மேல் வலக்கையில் நூல் பிடித்தவருக்கு இடக்கை முதலாம் வகுப்புப் பிள்ளை. பத்துக் கண்ணி போட ஒரு மணித்தியாலம் ஆயிற்று. இரண்டாம் கிழமை அழுதார். மூன்றாம் கிழமை எங்களை ஏசினார். ஏச்சு வந்ததும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏழு மாதத்தில் ஒரு குழந்தைத் தொப்பி முடிந்தது. அவருடைய கை எழும்பிவிடவில்லை. வைத்தியர் சொன்னது சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் புதன்கிழமைகளில் இப்போது ஆறு சோடி ஊசிகளின் சத்தம் கேட்கிறது. அந்தத் தொப்பியை அவர் எங்களிடம் தந்தபோது, எங்களில் ஆசிரியையாக இருந்தவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அக்கா, "பாரும், நல்லாப் பாரும்" என்றார்.

இதை இங்கே சொன்னது அனுதாபம் தேடியல்ல. இந்தச் சங்கத்தின் நூறு வருடம் எதனால் ஓடியது என்று யோசிக்கும்போது, கட்டிடமும் நிதியும் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஒருத்தியின் கை சோர்ந்தால் ஊசியை எங்கே ஊன்றலாம் என்று மற்றவர்கள் தேடினார்கள். பணம் அனுப்பியவர்கள், பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்கள், இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்கள், எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

கடைசியாக எங்களிடம் இரண்டு வேண்டுகோள் உண்டு. ஒன்று, கைப்பணி தெரிந்த ஒவ்வொரு பழைய மாணவியும் இந்த நூற்றாண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்காவது அதைப் பழக்குங்கள். பின்னல், பீரலு, பனையோலை, எதுவாகவும் இருக்கலாம். ரொறன்ரோவிலோ மெல்போர்னிலோ தமிழ் சரளமாக வராத பேரப்பிள்ளைக்கும் கை பார்த்துப் படிக்கும். எங்களுக்கும் அந்த வெலிகம அம்மாவுக்கும் இடையில் மொழி குறுக்கே நிற்கவில்லையே.

மற்றது, கல்லூரிக்கு வரும்போது மண்டபத்துக்கு நாற்காலியும் வகுப்பறைக்குக் கணினியும் தருகிறீர்கள், மிக நல்லது. அவற்றோடு ஒரு பெட்டி நூலும் நாற்பது சோடி ஊசியும் கொண்டுவாருங்கள். விடுமுறையில் வரும் ஒவ்வொருவரும் ஒரு பின்னேரம் தங்கியிருந்து சொல்லிக்கொடுங்கள். அதிபர் அவர்கள் பாடசாலை விட்டபின் ஒரு வகுப்பறையைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் நான்கு கிழமைக்கு நாங்கள் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டோம்; அக்காவும் பட்டியோடு வருகிறார். ஐந்தாம் கிழமைக்கு ஆள் தேவை. பெயர்ப் பட்டியல் வெளிவாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் தயவுசெய்து அந்தப் பக்கமாகப் போங்கள்.